கண்ணாடிக் கடலும் அடங்காப் பாசியும்

விருத்தாசலம் கடற்கரைப் பட்டணம் அன்று. பழமலைநாதர் ஆலயத்தாலும் பீங்கான் தொழிலாலும் பிரசித்தி பெற்ற அவ்வூரிலிருந்து நேர் கிழக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் சென்றால்தான் வங்காள விரிகுடாவின் அலையோசை காதில் விழும். ஆயினும், வீட்டுக் கூடத்தில் வைத்துப் பரிபாலிக்கும் உப்புநீர்த் தொட்டியில் அடங்காது தழைக்கும் பெரும்பாசிகளைப் பற்றிய இவ்வத்தியாயத்தை அவ்வூரிலிருந்து தொடங்குவதற்குத் தக்க முகாந்தரம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறு சமுத்திரத்தைச் சிருஷ்டிக்க விரும்புகிறவர் மீனைத் தேடுவதற்கு முன்னால் பாறையைத் தேடியாக வேண்டும். நுண்ணுயிர்கள் குடியேற இடம் தரும்படி உள்ளும் புறமும் துளைகள் நிறைந்த பாறையாக அது இருக்க வேண்டும். மேல்நாட்டார் இதன்பொருட்டுப் பவளத்திட்டுகளிலிருந்து உதிர்ந்த சுண்ணக்கற்களை, அவற்றில் ஒட்டி வாழும் ஜீவராசிகளோடு அப்படியே எடுத்துவந்து தொட்டியில் அடுக்குவர். நம் தேசத்திலோ பாறை கட்டும் பவள இனங்கள் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பைப் பெற்றுவிட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து கைப்பிடி அளவு பவளக்கல்லைக் கொண்டுவருவதும் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே நம்மவருக்கு எஞ்சி நிற்கும் மார்க்கங்களில் சிலாக்கியமானது சுட்ட களிமண். அந்த வித்தையில் தேர்ந்த ஊர் விருத்தாசலம்.

களிமண்ணைச் சூளையிலிட்டு 900 முதல் 1,000 டிகிரி வரை சூடேற்றினால், அதன் துகள்கள் ஒன்றோடொன்று ஓரங்களில் மட்டும் பற்றிக்கொண்டு கெட்டிப்படும். நடுவிலுள்ள இடைவெளிகள் அப்படியே நிலைத்துவிடும். சூடு 1,250 டிகிரியையும் கடந்து ஏறுமானால், மண்ணோடு கலந்த ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடிபோல் ஓடி அவ்விடைவெளிகளை அடைத்துவிட, தண்ணீரைச் சிறிதும் உள்ளே விடாத பீங்கான் பிறக்கிறது. மின்கம்பத்தில் ஏறவேண்டிய பீங்கான் இன்சுலேட்டர் இந்தக் குணத்தை அடைந்துவிட்டதா என்று பரீட்சிக்கும் முறை சுவாரசியமானது. உடைத்த சில்லு ஒன்றை ஃபுக்சின் என்னும் சிவப்புச் சாயக் கரைசலில் மூழ்கவைத்துப் பலத்த அழுத்தம் கொடுத்து, பிறகு வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் உடைத்துப் பார்ப்பார்கள். உட்புறத்தில் மெல்லிய சிவப்பு ரேகை ஒன்று ஓடியிருந்தாலும் அந்தச் சரக்கு தேறாது. மீன்தொட்டிக்காரருக்கு வேண்டுவதோ அப்படித் தேறாமற்போன சரக்குத்தான். சாயம் நடுப்பகுதிவரை ஊறிச் சிவந்துபோகிற சில்லே அவருக்கு உத்தமமான பாறை.

ஆனால் எந்தச் சுட்ட மண்ணும் ஆகும் என்று எண்ணிவிடலாகாது. கிளேஸ் பூசிய பொம்மையும் சட்டியும் வேண்டாம். அப்பூச்சில் பச்சை நிறத்துக்காகச் சேர்க்கப்படும் தாமிரம் அணுவளவு கரைந்தாலும் நத்தைக்கும் கடல் முள்ளெலிக்கும் நஞ்சு, நாமோ பாசியை மேய்வதற்கு அவற்றையே நம்பியிருக்கப் போகிறோம். எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா வகை மண்ணும் ஆகாது. அதில் பாதியளவு இருக்கும் அச்சாம்பல் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட்டே. பாஸ்பேட் என்ற சொல்லை வாசகர் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தின் வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நடக்கிறது.

மீனின் கழிவும், அது தின்னாமல் விட்ட இரையும் சிதைந்து அம்மோனியாவாகின்றன. பாறையின் மேற்பரப்பில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பாறையின் உள்ளே, பிராணவாயு எட்டாத ஆழமான துளைகளில் வாழும் இன்னொரு கூட்டம் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பறித்துச் சுவாசித்து, எஞ்சிய நைட்ரஜனை வாயுவாக விடுகிறது. அது குமிழியாகி ஆகாயத்தில் கலந்து போய்விடுகிறது. நைட்ரஜனுக்கு இப்படி ஒரு வாசல் திறந்திருக்கிறது. பாஸ்பரஸுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. தொட்டியின் எல்லைக்குள் அது வாயுவாகும் மார்க்கமே கிடையாது. இரையோடு உள்ளே வந்த பாஸ்பரஸை யாரேனும் கையால் எடுத்து வெளியே போட்டாலன்றி, நீரிலோ பாறையிலோ மணலிலோ மீனின் எலும்பிலோ பாசியின் உடலிலோ அது எங்கேயாவது இருந்துகொண்டேதான் இருக்கும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 200 லிட்டர் நீருள்ள தொட்டியில் ஒரு கிராம் உலர்ந்த இரையை இடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரையில் பாஸ்பரஸ் நூற்றுக்கு ஒரு பங்கு என்றால் 10 மில்லிகிராம். அது முழுவதும் கரைந்து பாஸ்பேட்டானால் ஏறக்குறைய 30 மில்லிகிராம், அதாவது லிட்டருக்கு 0.15 மில்லிகிராம். உப்புநீர்த் தொட்டிகளை நுணுக்கமாகப் பரிபாலிப்பவர்கள் பொதுவாக விரும்பும் அளவு லிட்டருக்கு 0.03. விரல் நுனியால் கிள்ளிப் போட்ட ஒரு சிட்டிகை இரை, ஒரே நாளில் அந்த அளவைப் போல் ஐந்து மடங்கைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது! தொட்டியில் தழைக்கும் பாசியைக் கண்டு, எங்கிருந்தோ வந்து புகுந்த சத்துருவென்று கோபிப்பவர் உண்டு. அதன் வித்து வெளியிலிருந்து வந்திருக்கலாம். உடல் நாம் இட்டது. பூனை திருடிய பாலுக்கு வீட்டுக்காரர் வருந்துவதில் அர்த்தம் உண்டு, தாமே கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு வருந்துவதில் என்ன இருக்கிறது?

இனி, இந்தப் பெரும்பாசிகள் யார் என்று அறிவோம். கண்ணுக்குப் புலப்படாத ஒற்றை உயிரணுப் பாசிகளிலிருந்து வேறுபட்டு, இலைபோலும் தண்டுபோலும் வேர்போலும் தோற்றம் காட்டுகிற, ஆனால் மெய்யான இலையோ வேரோ இல்லாத கடல்வாசிகள் இவை. பச்சை, பழுப்பு, சிவப்பு என்று நிறத்தால் மூன்று பெருங்குலங்களாகச் சாஸ்திரக்காரர் இவற்றைப் பிரிக்கின்றனர். நம் நாட்டுப் பாசியியலின் பிதாமகர் என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார், 1927இல் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவைப் பற்றி வெளியிட்ட மலரில், அத்தீவின் தாவரங்களை வர்ணித்து எழுதியிருக்கிறார். அங்கே கரையோரத்து மக்கள் கஞ்சிப்பாசி என்றும், மரிக்கொழுந்து என்றும், கட்டக்கோரை என்றும், உருவத்தைக் கண்டு பக்கோடாப் பாசி என்றும் பெயரிட்டு வழங்குவனவெல்லாம் இந்தக் குலங்களைச் சேர்ந்தவையே. தொட்டியில் தொல்லை கொடுப்பவை பெரும்பாலும் பச்சைக் குலத்தார்: மயிர்போல் நீளும் டெர்பீசியா, இறகுபோல் விரியும் பிரையாப்சிஸ், பச்சைப் பளிங்குக் குண்டுபோல் ஒளிரும் வலோனியா, கொடிபோல் ஓடும் கௌலெர்பா. வலோனியாவின் குண்டு ஒவ்வொன்றும், அது கோலிக்குண்டளவு பெருத்திருந்தாலும், ஒரே உயிரணு. அதைத் தொட்டிக்குள்ளேயே நசுக்கிவிடாமல், அடியோடு பெயர்த்து முழுதாக வெளியே எடுப்பது விவேகம்.

பட்டினி போட்டால் பாசி அடங்கும் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் உபாயம். இரையைக் குறைப்பதும், வாரந்தோறும் ஒரு பங்கு நீரை மாற்றுவதும், இரும்பு ஹைட்ராக்சைடு மணிகளின் வழியே நீரைச் செலுத்திப் பாஸ்பேட்டை ஈர்த்துக்கொள்ளச் செய்வதும் நல்லவையே. அவற்றைச் செய்யத்தான் வேண்டும். எனினும் பட்டினி ஒன்றே போதும் என்று நம்பியவர் ஏமாந்துபோவதற்குக் காரணம் பாசியின் தேகத்திலேயே இருக்கிறது. கடலில் மிதக்கும் நுண்பாசிகளின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் என்னும் மூன்றும் அணுக்கணக்கில் 106க்கு 16க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்திருப்பதை ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு என்னும் அமெரிக்கக் கடலியலார் கண்டு சொன்னார். பாறையைப் பற்றி வளரும் பெருந்தாவரங்களுக்கு இந்த விகிதம் எப்படி என்று 1983இல் அட்கின்சன், ஸ்மித் என்னும் இருவர் ஆராய்ந்தபோது, அது 550க்கு 30க்கு 1 என்று வந்தது. அதாவது, ஒரே அளவு பாஸ்பரஸைக் கொண்டு பெரும்பாசி தன் உடலை ஐந்து மடங்கு கட்டிக்கொள்கிறது. கிடைத்ததைக் கொண்டு இத்தனை சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் ஒன்றைப் பசியால் மட்டும் வீழ்த்திவிட முடியாது.

இதனால் விளையும் மயக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பரிசோதனைக் குப்பியில் நீரை எடுத்து, ரசாயனத் துளிகளை விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறார் ஒருவர். நிறம் மாறவில்லை, பாஸ்பேட் சூன்யம். எதிரே பாறை முழுதும் பச்சை மயிர் காடாக மண்டிக் கிடக்கிறது. குப்பி பொய் சொல்லவில்லை. நீரில் கரைந்திருப்பதைத்தான் அது அளக்கும். பாசி விழுங்கித் தன் உடலாக்கிக்கொண்டதை அளக்காது. பாசி மண்டிய தொட்டியில் பரிசோதனை காட்டும் சூன்யத்தைக் கண்டு மகிழ்வது, கடன்காரன் கையில் போய்விட்ட பணத்தைச் செலவாகவில்லை என்று எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

கடலில் பாசியை அடக்கி வைத்திருப்பது மேய்ச்சல். இந்த உண்மையை மனிதர் யாரும் திட்டமிட்டு நடத்தியிருக்க முடியாத ஒரு பெரும் பரிசோதனை வாயிலாக இயற்கையே மெய்ப்பித்துக் காட்டியது. 1983இன் தொடக்கத்தில், பனாமாக் கரையோரம், நீண்ட கரிய முட்களையுடைய டயடெமா என்னும் கடல் முள்ளெலிகள் இன்ன நோயென்று தெரியாமல் மடியத் தொடங்கின. சாவு நீரோட்டத்தோடு சென்றது; ஓராண்டு சற்று மிகுவதற்குள் கரீபியக் கடல் முழுவதிலும் அவ்வினத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மாண்டன. ஜமைக்காத் தீவைச் சுற்றிலும், மீன்கள் ஏற்கெனவே அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கப்பட்டுவிட்டபடியால், பாறைகளை மேய்வதற்கு முள்ளெலியைத் தவிர வேறு பிராணி இல்லாதிருந்தது. அத்தீவில் 1970களின் இறுதியில் பவளம் பாறைப் பரப்பில் 52 சதவீதத்தையும் பெரும்பாசி 4 சதவீதத்தையும் மூடியிருந்தன என்றும், 1990களின் தொடக்கத்தில் பவளம் 3 சதவீதமாகச் சுருங்கிப் பாசி 92 சதவீதமாகப் பெருகிவிட்டது என்றும் டெரன்ஸ் ஹியூஸ் 1994இல் எழுதினார். புயலும் பிற நோய்களும் இந்த நாசத்தில் பங்கு கொண்டன என்பது மெய். ஆனால் அழிந்த இடத்தில் பவளம் திரும்ப முளைக்க முடியாதபடி செய்தது, மேய்வாரில்லாத பாசியே.

தொட்டியில் மேய்ப்பதற்கு உகந்த பிராணிகளைத் தேடி அயல்நாட்டுப் பட்டியல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் தென்கடலோரத்தில் ஓரா என்று வழங்கும் மீன் பாசி தின்பதில் நிகரற்றது. பெரிய தொட்டி உடையவர் அதன் குஞ்சு ஒன்றை வளர்க்கலாம். ஆனால் வெறுங்கையால் பற்றலாகாது, துடுப்பு முட்களில் விஷம் உண்டு, குத்தினால் கடுகடுப்பு லேசில் தணியாது. சிறிய தொட்டிக்குக் கடல் முள்ளெலியும் சிறு நத்தைகளும் போதும். நத்தை வாங்குவோர், அவ்வினம் சட்டத்தின் காப்பில் உள்ளதா என்பதை விசாரித்தே வாங்க வேண்டும். ஒரு பிராணியே எல்லாவற்றையும் மேய்ந்துவிடும் என்றும் எதிர்பார்க்கலாகாது. ஓரா விரும்பித் தின்னும் பாசியை நத்தை தீண்டாது, நத்தை வழித்துண்ணும் படலத்தை ஓரா பொருட்படுத்தாது. முற்றி மண்டிய பாசியை மேய்வார் யாருமே இல்லை. ஆகவே முதலில் கையால் பிடுங்கிக் கட்டையாக்கி, அதன் பிறகு துளிர்ப்பதை மேயவிடுவதே முறை.

மேய்ந்த பிராணி, தின்றதில் பெரும்பங்கைக் கழிவாக அத்தொட்டியிலேயே விடுகிறது என்பதையும் மறக்கலாகாது. மேய்ச்சல் பாசியின் உருவத்தை அடக்குகிறது, பாஸ்பரஸை வெளியேற்றுவதில்லை. வெளியேற்றுவதற்கு உள்ள மார்க்கங்களில் மிக எளியதும், என் அபிப்பிராயத்தில் மிக அழகியதும், பாசியையே கொண்டு பாசியை அடக்குவது. பெருந்தொட்டிக்கு அருகில், அதன் நீரே சுற்றி வரும்படி ஒரு சிறு தொட்டியை வைத்து, அதில் நாம் விரும்பும் பாசி ஒன்றை விளக்கொளியில் செழிக்க வளர்த்து, அவ்வப்போது அறுத்து வெளியே எடுப்பதே இம்முறை. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்பவர், பவளத்திட்டின் மாதிரியொன்றைத் தொட்டிக்குள் அமைத்தபோது, வலைத்திரையின்மேல் நீரை வழியவிட்டு அதில் படரும் பாசியைச் சுரண்டி எடுத்தே நீரைத் தூய்மை செய்யும் முறையை வகுத்தார். இன்றைய பாசித்தொட்டிகள் அதற்குத் தாயாதிகள்.

இதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிழிந்து நீரை வடித்த பாசி 100 கிராம் எடுத்தால், உலர்ந்த பொருள் ஏறக்குறைய 10 முதல் 15 கிராம்; அதில் பாஸ்பரஸ் உத்தேசமாக 20 மில்லிகிராம். முன்னே சொன்ன இரையின் கணக்குப்படி, இது இரண்டு கிராம் இரையோடு உள்ளே வந்த பாஸ்பரஸுக்குச் சமம். கைப்பிடிப் பாசியை வாரம் ஒருமுறை எடுத்தெறிகிறவர், தாம் வாரம் எத்தனை கிராம் இரை இடலாம் என்பதை இதைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளலாம். வரவும் செலவும் ஒத்துப்போகும் தொட்டியில் தேவையில்லாத பாசிக்குக் கிடைக்கும் மிச்சம் சொற்பமே. பாசித்தொட்டியின் விளக்கை இரவில் ஏற்றிப் பகலில் அணைப்பது மற்றொரு நயம். இருளில் தொட்டியின் ஜீவராசிகள் அனைத்தும் கரியமில வாயுவை வெளிவிடுவதால் நீரின் காரத்தன்மை இரவில் தாழும். அந்நேரத்தில் பாசித்தொட்டி மட்டும் வெளிச்சத்தில் அவ்வாயுவை உறிஞ்சிக்கொண்டிருந்தால் அத்தாழ்ச்சி பெரிதும் சமனாகிறது.

எந்தப் பாசியை வளர்ப்பது? கம்பிச்சுருள்போல் பின்னிக்கொண்டு, எதிலும் பற்றாமல் மிதந்து வளரும் கீட்டோமார்பா பலருக்கும் உகந்தது. நம் கடலுக்கே உரிய கஞ்சிப்பாசியும் குறைவுடையதன்று, மேயும் மீனுக்கு அதை அப்படியே இரையாகவும் இடலாம். கௌலெர்பாவை மட்டும் விலக்குவது நலம். கொடியும் இலையுமாகப் பார்க்க அழகியதுதான். ஆயினும் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டு ஓடினாலும் அதன் கொடி முழுவதும், இடையில் ஒரு தடுப்புச் சுவரும் இல்லாமல், எண்ணற்ற உட்கருக்கள் மிதக்கும் ஒரே உயிரணு. இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் அந்த உடலின் பசுமை அனைத்தும் பாலணுக்களாகத் திரண்டு, விடியற்காலையில் நீரில் பீறிட்டு வெளியேற, முந்தின மாலை வரை செழித்திருந்த கொடி வெளிறிய உறையாகத் துவண்டுவிடும். அது நாள்கணக்காகச் சேர்த்து வைத்த சத்து யாவும் ஒரே காலைப்பொழுதில் நீருக்குத் திரும்பிவிடும். நீர் பச்சைப்பாலாகக் கலங்கி, பிராணவாயு குன்றி, மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய பழியும் அதன்மேல் உண்டு. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்து வில்ஹெல்மா உயிர்க்காட்சிச் சாலையில் தொட்டிகளுக்கென வளர்க்கப்பட்டு, குளிரையும் தாங்கும் திடம் பெற்றிருந்த கௌலெர்பா டாக்சிஃபோலியா, ஐரோப்பிய மீன்காட்சி நிலையங்களுக்கிடையே கைமாறி மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை அடைந்தது. 1984இல் அக்கட்டடத்தின் கீழே, கடலடியில், சுமார் ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் அப்பாசி காணப்பட்டது. நீஸ் பல்கலைக்கழகத்து அலெக்சாண்டர் மைனேஸ் 1989இல் சென்று பார்த்தபோது அது பெருகிப் பரவியிருந்தது. அவர் அபாயக்குரல் எழுப்பினார். அதிகாரிகளும் நிபுணர்களும், அது எங்கிருந்து வந்தது என்று ஆண்டுக்கணக்காக வாதாடினார்கள். அதற்குள் பாசி பிரான்சையும் இத்தாலியையும் கடந்து ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடலடியில் படர்ந்துவிட்டது. பிற்காலத்தில் பல இடங்களில் அது தானாகவே குன்றியது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே பாசி ஓர் உப்பங்கழியில் தலைகாட்டியபோது அங்குள்ளவர்கள் வாதத்தில் காலம் போக்காமல், அதன்மேல் தார்ப்பாய்களை விரித்து ஓரங்களை இறுக்கி, உள்ளே குளோரினைச் செலுத்தினார்கள்; 2006இல் அது ஒழிந்ததென்று அறிவிப்பதற்குள் 70 லட்சம் டாலருக்கு மேல் செலவாயிற்று.

நம் கடலின் கதை மீன்தொட்டியிலிருந்து தொடங்கியதன்று, ஆனால் பாடம் அதுவே. ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டிப்படுத்தும் கராஜீனன் என்னும் பிசினுக்காக, பிலிப்பைன்ஸ் கடற்பகுதிக்குரிய கப்பாஃபைகஸ் என்னும் சிவப்புப் பாசியை மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் நம் நாட்டில் பயிரிட்டுப் பார்த்தது. 2000ஐ ஒட்டி பெப்சிகோ நிறுவனம் இதில் இறங்கவே, மண்டபத்துக் கரையில் அதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர் நிலைத்துவிட்டது. மூன்று மீட்டர் பக்கமுள்ள மூங்கில் தெப்பத்தில் கயிறுகளைக் கட்டி, கயிற்றில் பாசித்துண்டுகளை முடிந்து, 45 நாளில் அறுவடை செய்வார்கள். தெப்பத்தின் அடியில் வலை கட்டுவது முக்கியம். கட்டாவிட்டால் ஓரா முதலிய மீன்கள் பயிரைத் தின்று தீர்த்துவிடும். தொட்டிக்காரருக்கு வரப்பிரசாதமான மீன், பாசி விவசாயிக்குத் திருடன்!

2005 டிசம்பரில் தமிழக அரசு இப்பயிரைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் அனுமதித்து ஆணை பிறப்பித்தது. எனினும் 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் குருசடைத் தீவில், கிளைத்த பவளங்களின்மேல் கப்பாஃபைகஸ் பாய்விரித்தாற்போல் மூடிக்கிடப்பதைக் கண்டு ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினர். அங்கே அதைக் கயிற்றில் கட்டியவர் யாருமில்லை; அலையில் அறுந்த துண்டுகள் பவளக் கிளைகளில் சிக்கி, அவற்றையே தெப்பமாகக் கொண்டு பெருத்தன. வெளிச்சம் மறைக்கப்பட்ட பவளம் அடியில் வெளுத்து மடிந்தது. வனத்துறையினர் ஆட்களை நீரில் இறக்கிப் பிடுங்கச் செய்தனர். பவளத்தின் இடுக்கில் விரல்நக அளவு எஞ்சியிருந்தாலும் அது மறுபடி துளிர்த்தது. பரவியது சொற்பமே என்று வாதிப்பவரும் உண்டு. பாசித்தொழிலால் கரையோரப் பெண்கள் பலருக்குக் கஞ்சி கிடைக்கிறது என்பதும் அலட்சியம் செய்யத்தக்க வாதமன்று. அறுவடை நடக்கும் தெப்பத்தில் அப்பாசி பயிர். அறுப்பாரற்ற பவளத்தின்மேல் அது கொலை. இரண்டுக்கும் நடுவே போதிய தூரம் வைக்கத் தவறியதே பிழை.

ஹவாய்த் தீவுகளின் கானியோஹே விரிகுடாவில் 1970களில் இதே இனத்தைக் கொண்டுவந்து விட்டவர்கள் இந்த வினையை நமக்கு முன்பே அனுபவித்தார்கள். அவர்கள் கண்ட பரிகாரம் இரண்டு படிகளில் அமைந்தது: நீருக்கடியில் இயங்கும் பெரிய உறிஞ்சுகுழாயால் பாசியை முதலில் அகற்றினர், பிறகு குஞ்சுபொரிப்பகத்தில் வளர்த்த கடல் முள்ளெலிகளை அங்கே விட்டு, துளிர்ப்பதை மேயச் செய்தனர். கையால் எடுத்தல், பின்பு மேயவிடுதல். விரிகுடாவுக்குச் சரியான அதே வரிசை 200 லிட்டர்த் தொட்டிக்கும் சரி.

மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பூஞ்சை நோய்க்கு மனிதருக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோலை நீரில் கலந்தால் பிரையாப்சிஸ் மடிகிறது என்பது வளர்ப்போர் பலரின் அனுபவம். மடியட்டும், மடிந்ததை அள்ளி வெளியேற்றாவிட்டால் அதே பாஸ்பரஸ் அடுத்த மாதம் வேறொரு பாசியின் வேடத்தில் எழுந்து நிற்கும். மண்டிக்கிடக்கும் பாசி முழுவதையும் ஒரே வீச்சில் கொல்வது அபாயகரமும் ஆகும். அழுகும் பாசி உட்கொள்ளும் பிராணவாயு மீனுக்குரியது.

விருத்தாசலம் போன்ற உள்நாட்டு ஊரில் தொட்டி வைப்பவர் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது நீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் நைட்ரேட்டும் சிலிக்காவும் இருக்கக்கூடும்; அதில் உப்பைக் கரைத்தால் மீனை விடும் முன்பே பாசிக்கு விருந்து வைத்தாயிற்று. ஆர்.ஓ. நீரில்தான் கடலுப்புக் கலவையைக் கரைக்க வேண்டும். கத்திரி வெயிலில் தொட்டிநீர் விரைந்து வற்றும். நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆகையால் வற்றியதை ஈடு செய்ய ஊற்றுவது உப்பில்லாத நீராக இருக்கட்டும். செராமிக் பாறை புதியதாயின் அதை விளக்கில்லாத இருட்டில், உப்புநீரில், சில வாரங்கள் ஊறவைத்து, பாக்டீரியா குடியேறிய பின்னரே வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெறும் பாறையை முதல் நாளே விளக்கடியில் வைத்தால் அதில் முதலில் பட்டா வாங்குவது மயிர்ப்பாசிதான். பொறுத்திருந்தால் ரோஜா நிறத்தில் ஒரு சுண்ணாம்புப் பாசி மெல்லிய ஓடுபோல் பாறையில் படியும். அது படிந்த இடத்தில் மற்றப் பாசிகள் காலூன்றுவது கடினம். ஹாங்காங்கில் 2020இல் ஹோய் ஹா வான் என்ற கடற்பூங்காவில், பவளம் பற்றி வளர்வதற்காகச் சுட்ட களிமண் ஓடுகளைக் கடலடியில் பதித்திருக்கிறார்கள். விருத்தாசலத்துச் செராமிக் கல்லூரியின் மாணவர்கள், தொட்டிக்கான துளைப்பாறையில் தொடங்கித் தூத்துக்குடிக் கடலடிவரை போகத்தக்க விஷயம் இது என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, பிடுங்கிய பாசியை என்ன செய்வது? கழிவுநீர்க் கால்வாயில் எறிவது வழக்கமாயிருக்கிறது. விருத்தாசலத்தை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்கிறது, வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது; கடற்பாசி பெரும்பாலும் நன்னீரில் பிழைக்காது என்றாலும், அந்த நம்பிக்கையின்மேல் ஒரு கழிமுகத்தைப் பணயம் வைக்க வேண்டிய அவசியம் என்ன? கடலூரிலும் சென்னையிலும் கடலருகே வசிப்பவர்களுக்கோ அந்தச் சமாதானமும் இல்லை. அவர்கள் தொட்டியைக் கலைக்கும்போது மீனையோ பாசியையோ நீரையோ எக்காரணம் கொண்டும் கடலில் விடலாகாது. பாசியை நல்ல நீரில் அலசி உப்பைப் போக்கி, மொட்டைமாடி வெயிலில் நொறுங்கும்வரை காயவைத்துத் தென்னைக்கு உரமாக இடுங்கள். பழைய தொட்டிநீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு நாள் முழுதும் வைத்திருந்து, அதன் பிறகே கொட்டுங்கள்.